நூல் எட்டும் தூரம்

போகிக்கு முந்தைய வாரம் திருவான்மியூரில் ஒட்டடைக் குச்சி எடுக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. வால்மீகி நகரின் பழைய தனி வீடானாலும் சரி, ரயில் நிலையத்தை ஒட்டிய அடுக்குமாடியானாலும் சரி, குச்சி முதலில் போய் நிற்பது சுவரும் கூரையும் சேரும் மூலையில்தான். அங்கே தலைகீழாகத் தொங்கும், ஒல்லியான நீண்ட கால்களுள்ள சாம்பல் நிறச் சிலந்தியின் அறிவியல் பெயர் குரோசோப்ரிசா லயோனி. குச்சி வலையில் பட்டதும் அது ஓடி ஒளியாது. கால்களை வலையிலேயே ஊன்றிக்கொண்டு உடலை வட்டமாகச் சுழற்றத் தொடங்கும். சற்று நேரத்தில் உருவமே கலைந்து ஒரு மங்கலான புகை மட்டும் தெரியும். கவ்வ வரும் பல்லிக்கு எந்த இடத்தைக் கவ்வுவது என்று புலப்படாது.

கொசு சிக்கினால் இந்தச் சிலந்தி உடனே பக்கத்தில் போவதில்லை. எட்ட நின்றபடியே பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்து அதன் மேல் வீசும். இரை முழுதாகக் கட்டுண்ட பிறகே கடி. தன்னைவிடப் பெரிய சிலந்தியையும் இதே முறையில் வீழ்த்திவிடும். முட்டையிட்ட பெண், முட்டைகளைச் சில இழைகளால் மட்டும் கோத்து, குஞ்சு வெளிவரும்வரை வாயிலேயே தூக்கி வைத்திருக்கும். மூலையில் சிறு உருண்டையைக் கவ்வியபடி ஒரு சிலந்தி தெரிந்தால் குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி வகைகளின் எண்ணிக்கை 2022இல் 50,000ஐக் கடந்தது. இவற்றில் ஏறக்குறைய பாதி வகைகள் இரைக்கு வலை கட்டுவதே இல்லை. ஆனால் நூல் சுரக்காத சிலந்தி என்று ஒன்றுகூடக் கிடையாது. கேட்பது, தொடுவது, நிற்பது, பறப்பது, மூச்சு விடுவது என்று நாம் உடலால் செய்கிற பலவற்றைச் சிலந்தி தன் உடலுக்கு வெளியே ஓர் இழையை வைத்துக்கொண்டு செய்கிறது. அதன் உடல் கால் நுனியில் முடிவதில்லை, நூல் எட்டும் தூரம்வரை நீள்கிறது. சிலந்திகளின் அதிசயங்கள் என்று உலகம் பேசுகிற பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றைத் திருவான்மியூரை விட்டு அதிகம் விலகாமலே பார்த்துவிடலாம்.

கண்ணால் வேட்டையாடும் சிலந்தியிடமிருந்து தொடங்குவோம். நூலின் உதவி அதற்குத் தேவைப்படாது என்றுதான் முதலில் தோன்றும். ஜன்னலோரச் சுவரில் பட்டப்பகலில் நின்று நின்று நடக்கும் தாவும் சிலந்தியை எல்லோரும் பார்த்திருப்போம். விரலை நீட்டினால் உடலைத் திருப்பி நம்மையே உற்றுப் பார்க்கும். நம் வீடுகளில் உலவும் இந்தக் குடும்பத்தாரில் ஹசாரியஸ் அடான்சோனி என்று ஒன்று உண்டு. வெப்ப நாடுகள் எங்கும் மனிதரோடு பரவிய வகை. ஆணின் கறுத்த உடலில் வெள்ளைப் பிறை வடிவப் பட்டைகள் இருக்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டும் மிகப் பெரியவை. லென்ஸ் அசையாது, அதன் பின்னால் உள்ள குழாயும், குழாயின் முடிவில் இருக்கும் விழித்திரையும் அசையும். தலையைத் திருப்பாமலே பார்வையைத் திருப்புகிறது.

நாம் இரண்டு கண்ணும் தரும் இரு படங்களை ஒப்பிட்டுத் தூரத்தை அளக்கிறோம். இந்தச் சிலந்திக்கு அது முடியாது. முன் கண்கள் ஒவ்வொன்றும் பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது. அப்படியானால் ஈயின் மேல் துல்லியமாக எப்படிப் பாய்கிறது? ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தார் ஹசாரியஸ் அடான்சோனியை வைத்தே இதை ஆராய்ந்து 2012இல் சயின்ஸ் இதழில் விடை சொன்னார்கள். அதன் விழித்திரையில் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. ஆழத்திலுள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. ஆனால் பச்சை ஒளி கூர்மையாகக் குவிவது அவற்றில் ஒன்றில் மட்டும். மற்றதில் படம் எப்போதும் கலங்கியே விழும். எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதிலிருந்து இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சிலந்தி கணிக்கிறது. சிவப்பு விளக்கொளியில் வைத்தபோது கணக்குத் தப்பி, இரைக்கு முன்னாலேயே குதித்து விழுந்தது. கலங்கலை நாம் பார்வையின் குறை என்கிறோம். மிளகளவு உயிர் அதையே அளவுகோலாக்கிக்கொண்டது என்பதைப் படித்த நாளிலிருந்து சுவரில் நிற்கும் தாவும் சிலந்தியைக் கடந்து போக எனக்கு மனம் வந்ததில்லை.

பாயும்போது நூல் எங்கே வருகிறது? பாய்வதற்கு முன் அது நின்ற இடத்தில் ஓர் இழையை ஒட்டவைத்துவிட்டுத்தான் பாய்கிறது. தவறி விழுந்தால் தொங்கிக்கொள்ள என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2013இல் தைவான் ஆய்வாளர்கள் இதே ஹசாரியஸ் சிலந்தியை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தபோது, அந்தரத்தில் இருக்கும்போதே அந்த இழையின் இழுவையால் அது தன் வேகத்தைக் குறைப்பதும் உடல் புரளாமல் நேராக வைத்துக்கொள்வதும் தெரியவந்தது. நூல் விட முடியாத சிலந்திகள் இறங்கும்போது சறுக்கித் தடுமாறின.

இரவில் பல தாவும் சிலந்திகள் ஓர் இழையில் தொங்கியபடி ஓய்வெடுக்கும். ஜெர்மனியில் எவார்க்கா ஆர்க்குவாட்டா என்ற வகையின் குஞ்சுகளை இரவு முழுக்கப் படம்பிடித்த டேனியலா ரோஸ்லரும் அவரது குழுவினரும் 2022இல் ஒரு வியப்பை அறிவித்தார்கள். பிறந்த சில நாட்களுக்குக் குஞ்சின் தலை கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். உள்ளே விழித்திரைக் குழாய்கள் அசைவதைப் பார்க்கலாம். தூக்கத்தில் சீரான இடைவெளியில் அந்தக் குழாய்கள் துடித்தன, கால்கள் சுருண்டு நடுங்கின. மனிதருக்குக் கனவு வரும் நேரத்தில் விழிகள் அசைவதை இது ஒத்திருக்கிறது. சிலந்தி கனவு காண்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நியாயம் உண்டு என்று காட்டினார்கள்.

தாவுகிற இந்தக் கால்களுக்குள் இன்னொரு புதுமை இருக்கிறது. நம் முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான் உண்டு. நீட்டுவதற்கு, உடலின் முன்பகுதியை இறுக்கி இரத்தத்தைக் கால்களுக்குள் அழுத்தி அனுப்புகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் பள்ளம் தோண்டும் ஜேசிபியின் கை எண்ணெயின் அழுத்தத்தில் நீள்வதும் இதே தத்துவம்தான். உயிர் போனதும் அழுத்தம் போய்விடும். மடக்கும் பக்கம் மட்டுமே மிஞ்சும். ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் சிலந்தியின் எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டிருப்பது இதனால்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2022இல் இறந்த ஓநாய்ச் சிலந்தியின் உடலில் ஊசியைச் செருகி, காற்றைச் செலுத்தியும் உறிஞ்சியும் கால்களை விரித்து மடக்கினார்கள். அந்த உடல் தன் எடையைவிட அதிகமான பொருளைப் பற்றித் தூக்கியது.

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து அமர்ந்திருக்கும் தட்டையான பெரிய பழுப்புச் சிலந்தியைப் பார்த்துத்தான் அதிகம் பேர் அலறுகிறார்கள். ஹெட்டரோபோடா வெனட்டோரியா என்பது அதன் பெயர். வலை கட்டாது, இரவில் கரப்பான்பூச்சியை ஓடிப் பிடிக்கும். சில சமயம் வயிற்றுக்கடியில் வெள்ளையாக, வட்டமாக, நாணயம்போல ஒன்றை அணைத்துக்கொண்டு நடக்கும். அது நூலால் நெய்த முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். தானாக வந்து மனிதரைக் கடிப்பதில் அதற்கு எந்தப் பயனும் இல்லை.

சிலந்தி ஊர்ந்தால் அக்கி வரும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அக்கி ஒரு வைரஸ் நோய். சின்னம்மை வந்து போனபின் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்து மீண்டும் கிளம்பும்போது, அந்த நரம்பு போகும் வழியில் கொப்புளங்கள் வரிசையாக எழுகின்றன. அக்கி தோன்றினால் காவி பூசிக் காத்திருக்காமல் விரைவில் மருத்துவரிடம் போக வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்து ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் தூங்கி எழுந்ததும் கழுத்தில் தீக்காயம்போலக் கோடாக எரிவது வேறொன்று. விளக்கைத் தேடி வரும் கறுப்பும் ஆரஞ்சுமான ஒல்லி வண்டு ஒன்றைத் தூக்கத்தில் நசுக்கிவிடுவதால் வருவது அது. இரண்டு பழியையும் சிலந்தி சுமக்கிறது.

நூல் என்றால் என்ன? சிலந்தியின் வயிற்றிலுள்ள சுரப்பிகளில் அது நீரில் கரைந்த புரதக் குழம்பாக இருக்கிறது. மெல்லிய நாளம் வழியாக வரும்போது நீர் உறிஞ்சப்படுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, இழுவிசையால் புரதங்கள் ஒரே திசையில் அடுக்கப்படுகின்றன. வெளியே வரும்போது திட இழை. உள்ளிருந்து பீய்ச்சப்படுவதில்லை, சிலந்தி தன் காலாலோ உடல் எடையாலோ இழுக்க இழுக்க வருகிறது. சூடு இல்லை, நச்சுக் கரைப்பான் இல்லை. எடைக்கு எடை எஃகைவிட வலுவானது. அறுவதற்கு முன் அது தாங்கும் ஆற்றல் குண்டு துளைக்காத உடைகளின் கெவ்லார் இழையையும் மிஞ்சும். வட்ட வலை கட்டும் பெண் சிலந்தியிடம் ஏழு வகைச் சுரப்பிகள்வரை உண்டு. தொங்குவதற்கு ஒன்று, இரையைச் சுற்ற ஒன்று, முட்டைப் பைக்கு ஒன்று, பசைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றின் புரதமும் வேறு.

இவ்வளவு சிறந்த இழையில் தியாகராய நகர்ப் பட்டுக்கடைகளில் ஏன் ஒரு புடவைகூட இல்லை? செய்து பார்த்திருக்கிறார்கள். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸ், நிக்கலஸ் காட்லி என்ற இருவர் பொன்னிற நூல் விடும் சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்துச் சுற்றிக்கொண்டு மீண்டும் காட்டில் விட்டார்கள். 2009இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அந்த ஒரே துணிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள் தேவைப்பட்டன. சாயம் ஏற்றாமலே பொன் நிறம். காஞ்சிபுரத்துக்கு வரும் பட்டு நூலைத் தரும் பட்டுப்புழு, தட்டில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து முசுக்கொட்டை இலையைத் தின்று சாதுவாக வளரும். ஒரே கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை தரும். சிலந்திகளை அப்படி ஒரே தட்டில் வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

கடற்கரையை ஒட்டிய தோட்டங்களின் செடிகளுக்கிடையே ஆர்ஜியோப் சிலந்தியைத் தேடலாம். வட்ட வலையின் நடுவே வெள்ளை நூலால் வளைந்து வளைந்து பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறியின் மேலேயே நீட்டி உட்கார்ந்திருக்கும். குறி எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. புற ஊதா ஒளியைத் தெறிக்கவைத்துப் பூச்சிகளை இழுக்கிறது என்பார் சிலர். பறவைகள் வலையைக் கிழித்துவிடாமல் எச்சரிக்கிறது என்பார் வேறு சிலர்.

குறியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வலையின் ஒட்டும் சுருள். முதலில் ஆரங்கள்; பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி ஒட்டாத தற்காலிகச் சுருள், நடப்பதற்காக. அதன் பிறகு வெளியிலிருந்து உள்நோக்கி ஒட்டும் சுருளைப் போட்டுக்கொண்டே தற்காலிகச் சுருளை அகற்றிவிடும். பழைய வலையைத் தூக்கி எறியாது, தின்றுவிடும். கதிரியக்க அடையாளமிட்ட புரதத்தைக் கொண்டு டேவிட் பீக்கால் 1971இல் வெளியிட்ட ஆய்வில், தின்ற நூலின் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள்ளேயே புதிய வலையில் நூலாகத் திரும்பி வந்திருந்தது.

ஒட்டும் சுருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத பசைத் துளிகள் கோத்ததுபோல் இருக்கும். அந்தப் பசையில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்புகளும் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. ஈரம் இருந்தால்தான் பசை இளகி ஒட்டும். நமக்கு வியர்த்து ஊற்றும் இந்தக் கடலோரக் காற்றிலிருந்துதான் சிலந்தி தன் பசைக்கு வேண்டிய தண்ணீரை எடுக்கிறது. அந்தத் துளிகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. சுருள் நூல் தொய்ந்தால் துளியின் பரப்பு இழுவிசை மீதி நூலைத் துளிக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொள்கிறது. பூச்சி மோதினால் அது அவிழ்ந்து நீள்கிறது. பூச்சி துள்ளி முடித்ததும் மீண்டும் சுருள்கிறது. 1989இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரிட்ஸ் வோல்ராத்தும் டொனால்ட் எட்மண்ட்ஸும் இதை முதலில் விளக்கினார்கள். பூச்சி மோதிய வேகத்தில் தெறித்து வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம் இந்த நீர்த்துளி இயந்திரம்.

வட்ட வலைச் சிலந்திகளில் பலவற்றுக்குப் பார்வை மங்கல். காது மடலும் கிடையாது, செவிப்பறையும் கிடையாது. ஆனால் கேட்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன், கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2022இல் பாலச் சிலந்தி ஒன்றை வலையோடு ஒலி அறைக்குள் வைத்து, தொலைவிலிருந்து மிக மெல்லிய ஒலியைச் செலுத்தினார்கள். சிலந்தி ஒலி வந்த திசைக்குத் திரும்பியது, உடலைத் தாழ்த்தியது. காற்றின் அசைவோடு வலை இழைகளும் அசைய, கால்களின் வழியே சிலந்தி ஒலியை வாங்குகிறது. அந்த வலையின் பரப்பு சிலந்தியின் உடலைவிட 10,000 மடங்குவரை பெரியது. நம் செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. சிலந்தி தன் செவிப்பறையை மாலையில் கட்டுகிறது, தேவையான அளவுக்குக் கட்டுகிறது, மறுநாள் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது.

வேலியோரப் புதர்களில் இன்னொரு வலை தென்படும். படுக்கைவாக்கில் விரித்த மெல்லிய துணிபோல, நடுவில் மேலெழும்பிக் கூடாரமாக நிற்கும். சிர்ட்டோஃபோரா என்ற இனத்தின் வலை அது. பசை இல்லை; மேலே தாறுமாறாகக் கட்டிய இழைகளில் பூச்சி முட்டிக் கீழே துணியில் விழும். வட்ட வலையைப் போல அன்றாடம் பிரிக்காமல் இதைப் பல நாள் பழுது பார்த்தே வைத்துக்கொள்ளும். மேலிருந்து உதிரும் சருகுகள் எல்லாம் அதில் தங்கும். இந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருவானைக்கா நினைவு வரும். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் இழைத்தது, யானை அதைக் கலைத்தது, கோபம்கொண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது, பிறகு அதுவே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது தல வரலாறு. சருகு தாங்கும் பந்தலை வட்ட வலைச் சிலந்தி கட்ட முடியாது. சிர்ட்டோஃபோரா கட்டும். அந்தக் கதையை முதலில் சொன்னவர் இப்படியொரு வலையை நின்று கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

சென்னைக்கும் சிலந்திக்கும் எழும்பூர் வழியாக ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1920 முதல் 1940 வரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஃபிரெடரிக் ஹென்றி கிரேவ்லி. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்து இங்கே வந்தவர். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி டி.என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து அவர் தொகுத்து 1932இல் வெளிவந்த நூலைக் கலை வரலாறு படிப்பவர்கள் அறிவார்கள். ஆனால் அவருடைய முதல் ஈடுபாடு விலங்கியல். அதிலும் சிலந்தி, தேள் கூட்டம். இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி 1924இல் எழுதிய கட்டுரையில் ஒரு வகைக்கு அவர் ஹிப்பாசா மதராஸ்பட்டனா என்று பெயர் வைத்தார். இந்த ஊரின் பழைய பெயர் ஒரு சிலந்தியின் மேல் ஏறியது அப்படித்தான்.

ஓநாய்ச் சிலந்திகள் பொதுவாக வலை கட்டாமல் தரையில் அலைந்து வேட்டையாடுபவை. ஹிப்பாசா இனம் அந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு. புல்லின் மேல் தட்டையான விரிப்பு, அதன் ஓரத்தில் உள்நோக்கி இறங்கும் குழல், குழலின் வாயில் சிலந்தி. நடுப்பகலில் கண்ணில் படாது. மார்கழி விடியலில் பனி இறங்கிய புல்தரையில் இவை திட்டுத் திட்டாக வெண்மையாகத் தெரியும். கோலம் போட வாசலுக்கு வருபவர்கள் எதிர்ப் பூங்காவின் புல்லை ஒரு பார்வை பார்க்கலாம். நனைந்த சிலந்தி நூலுக்கு வேறொரு குணமும் உண்டு. தொங்கும் இழையைக் கட்டாமல் விட்டு நனைத்தால் ஏறத்தாழப் பாதி நீளம்வரை சுருங்கிவிடும். வட்ட வலையில் இரு முனையும் கட்டியிருப்பதால் சுருங்க முடியாமல் விறைக்கிறது. பனித்துளிகளின் கனத்தில் வலை தொய்யாமல் நிற்க இது உதவுகிறது என்று கருதப்படுகிறது.

இரவில் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் புல்தரையின் மேல் அடித்துப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்திகளின் கண்ணில் பூனைக்கு இருப்பதைப் போன்ற ஒளி திருப்பும் படலம் உண்டு; பச்சையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும். விளக்கைக் கண் மட்டத்திலிருந்து இறக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பார்டோசா சூடோஅனுலாட்டா நெல் வயல்களில் புகையான் பூச்சியைத் தின்று வாழ்கிறது. கண்டபடி பூச்சிமருந்து அடித்த வயலில் முதலில் சாவது இந்தச் சிலந்தி; பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். செங்கல்பட்டிலும் காவிரிப் படுகையிலும் நெல் வைப்பவர்கள் மருந்துக் கடைக்குப் போகுமுன் தூரைத் தட்டி, விழும் சிலந்தியை எண்ண வேண்டும் என்று வேளாண் அறிஞர்கள் சொல்வது இதனால்தான். உலகச் சிலந்திகள் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று மார்ட்டின் நைஃபெலரும் கிளாஸ் பிர்க்கோஃபரும் 2017இல் கணக்கிட்டார்கள்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைக் கவனிக்கும்போது, கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டுக் கால் இருந்தால் அது எறும்பில்லை. மிர்மாபிளாட்டா என்ற தாவும் சிலந்தி முசுறின் நிறம், இடுப்பு, நடை அனைத்தையும் பெற்றிருக்கும். முன்னங்கால்களை உயர்த்தி உணர்கொம்புபோல ஆட்டும். எறும்பைத் தின்பதற்கான வேடம் அல்ல இது. முசுறைக் கண்டு ஒதுங்கும் பறவையிடமும் பிற எதிரிகளிடமும் தப்புவதற்கானது. அமிசியா என்ற நண்டுச் சிலந்தியின் கதை வேறு. அதன் பின்புறத்தில் இரண்டு கரும்புள்ளிகள், எறும்பின் கண்களைப் போல. தவிக்கும் எறும்பைப் போலத் துடித்துக் காட்டும். என்னவென்று பார்க்க வரும் முசுறைத் தலைக்குப் பின்னால் கடித்து, கூட்டத்தார் வருமுன் ஓர் இழையில் இறங்கி அந்தரத்தில் தொங்கிக்கொண்டே தின்னும். எறும்புகள் ஆளும் மரத்தில் அவற்றால் எட்ட முடியாத ஒரே இடம் அந்த நூலின் முனை.

இனி கடற்கரை. சிலந்திக் குஞ்சுகள் புல் நுனியிலோ சவுக்கு நுனியிலோ ஏறி, கால்களை ஊன்றி வயிற்றை உயர்த்தி, மெல்லிய இழைகளை மேலே விட்டுப் பறந்துபோகும். 1832இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி பீகிள் கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் பதிவு செய்திருக்கிறார். 1883 ஆகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவில் உயிர் அனைத்தும் அழிந்தது. ஒன்பது மாதம் கழித்து அங்கே போன எட்மண்ட் கோட்டோ கண்ட ஒரே உயிர், ஒரு நுண்ணிய சிலந்தி. அது வலை பின்னிக்கொண்டிருந்தது.

காற்றுத்தான் தூக்குகிறது என்றால் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் காற்று வீசும்போது சிலந்திகள் பெரும்பாலும் பறப்பதில்லை. காற்று ஓய்ந்த நாளில்தான் கிளம்புகின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எரிகா மோர்லியும் டேனியல் ராபர்ட்டும் 2018இல் காற்றே இல்லாத பெட்டிக்குள் சிலந்திகளை வைத்து மின்புலத்தை மட்டும் ஏற்றினார்கள். சிலந்திகள் கால் நுனியில் எழுந்து, இழை விட்டு, மேலே கிளம்பின. மின்புலத்தை நிறுத்தியதும் கீழே இறங்கின. வானம் தெளிந்த நாளில் தரைக்கு மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 100 வோல்ட் வேறுபாடு இருக்கிறது. நாம் அதை உணர்வதே இல்லை. இலை நுனி, முள் நுனி, சவுக்கு நுனியில் அது பல மடங்காகக் குவிகிறது. சிலந்தியின் காலிலுள்ள நுண்மயிர்கள் அந்தப் புலத்தில் அசைகின்றன. கிளம்பும் நேரம் அதற்குத் தெரிகிறது. பெர்லினில் மூன்சுங் சோ அளந்து பார்த்ததில், ஒரு நண்டுச் சிலந்தி பறப்பதற்கு விடும் இழைகள் 50, 60 என்று இருந்தன. நீளம் சராசரியாக 3 மீட்டர்.

பறந்தது கடலில் விழுந்தால்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மொரிட்டோ ஹயாஷியும் குழுவினரும் 2015இல் அதையும் ஆராய்ந்தார்கள். நீரில் விழுந்த சிலந்தி காலையோ வயிற்றையோ உயர்த்திக் காற்றை வாங்கி மிதந்து நகர்ந்தது. நிற்க வேண்டுமானால் ஓர் இழையை நீரில் விட்டு வேகத்தைக் குறைத்தது. மிதக்கும் பொருள் கிடைத்தால் அதில் ஒட்டிக்கொண்டது. உப்பு நீரிலும் இது நடந்தது.

கிரேவ்லியிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகேயுள்ள குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப் பற்றி எழும்பூர் அருங்காட்சியகம் 1927இல் ஓர் ஆய்வுத் தொகுதி வெளியிட்டது. அதே ஆண்டில் கிரேவ்லி உலகுக்கு அறிமுகம் செய்த ஒரு சிலந்தி டெசிஸ் இனெர்மிஸ். டெசிஸ் இனத்தின் வீடு கடலின் அலைவாய்ப் பகுதி. ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படும் பாறை இடுக்கிலும் இறந்த பவளத்தின் துளையிலும் அது குடியிருக்கிறது. சிலந்திக்குச் செவுள் கிடையாது. காற்றைத்தான் மூச்சாக வாங்க வேண்டும். தண்ணீர் ஏறுமுன் அது துளைக்குள் போய் உட்புறம் முழுக்க நூலால் மெழுகி, வாயையும் நூலால் அடைத்துவிடும். உள்ளே சிறைப்பட்ட காற்று, கடல் தலைக்கு மேல் இருக்கும் மணிநேரங்களுக்கெல்லாம் போதும். இரவில் ஓதம் இறங்கியதும் அடைப்பைத் திறந்து வெளியே வந்து, ஈரப் பாறையில் திரியும் சிறு கடல் உயிரிகளைப் பிடித்துத் தின்றுவிட்டு, அடுத்த ஓதத்துக்குள் திரும்பிவிடும்.